கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி

கடைவீதியிலே கண்ணாடிப் பேழையின் முன் நிற்கிறோம். உள்ளேயிருக்கும் பொருளைக் காண விரும்புகிறோம். நம் முகமும், எதிர்ச்சாரி விளக்கும், போகிற வண்டியும் குறுக்கே வந்து நிற்கின்றன! ஏன்? கண்ணாடியின் ஒவ்வொரு முகமும், தன்மேல் விழும் ஒளியில் 100-க்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரு முகங்களிலுமாக 8 பங்கு வீண். பல வில்லைகளை அடுக்கிய கருவியிலே இழப்பு எவ்வளவு, எண்ணிப் பாருங்கள்!

இந்த வீண்செலவைத் தடுத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி. காதரின் பிளாட்ஜெட் அம்மையார்.

1898 ஜனவரி 10-ல், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலே பிறந்தார். தந்தையின் முகம் அறியாதவர். அந்தத் தந்தை, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் காப்புரிமை வழக்கறிஞர். மகள் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, வீடு புகுந்த திருடன் அவரைச் சுட்டுக் கொன்றான். அழுதபடி முடங்கிவிடவில்லை அந்தக் குடும்பம். பிள்ளை படித்தது. 1917-ல் பிரின்மார் கல்லூரியிலே பட்டம். 1918-ல் சிகாகோவிலே மேற்பட்டம். நச்சுப்புகையைக் கரி எவ்வாறு ஈர்த்துக்கொள்கிறது என்பதே ஆராய்ச்சி. போர் வீரனின் முகமூடிக்கு உதவும் அறிவு அது!

அதே ஆண்டு, தந்தை பணியாற்றிய நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலே நுழைந்தார். அங்கே அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர்தான். இர்விங் லாங்மூர் என்ற பேரறிஞருக்குத் துணையாளர். 1926-ல் கேம்பிரிட்ஜிலே இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. பெண்களுக்கு முழு உரிமையுடன் பட்டம் தர 1948 வரை மனம் வராத பல்கலைக்கழகம் அது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அவர் கையாண்ட சரக்கு என்ன? தங்கமா, வைரமா? இல்லை. மெழுகுவத்திக்கும் சவர்க்காரத்துக்கும் பயன்படும் ஸ்டியரிக் அமிலம்! அதன் மூலக்கூற்றின் தலை தண்ணீரை நாடும். வால் தண்ணீரை வெறுக்கும். தண்ணீர்ப் பரப்பிலே ஒரு சிறு துளி பரவினால், தலை நீரிலே, வால் வானை நோக்கி, ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு வரிசை கட்டி நிற்கும். இதை லாங்மூர் முன்பே ஆராய்ந்திருந்தார். 1932-ல் நோபல் பரிசும் பெற்றார்.

அம்மையார் செய்தது அடுத்த படி. பேரியம் உப்புக் கலந்த நீரிலே அந்தப் படலத்தை நெருக்கி நிறுத்தி, கண்ணாடித் தகட்டை அமிழ்த்தினார், எடுத்தார். மீண்டும் அமிழ்த்தினார், எடுத்தார். ஒவ்வொரு முறை நீர்ப்பரப்பைக் கடக்கும்போதும் ஓர் அடுக்கு ஒட்டியது. வாலோடு வால், தலையோடு தலை! கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல, மூலக்கூறுகளை அடுக்கினார். 1935-ல் இம்முறையை விரிவாக வெளியிட்டார்.

1938-ல் வெற்றி. 44 அடுக்குகள், ஒளியலையின் நீளத்திலே நாலில் ஒரு பங்குக் கணக்கு. படலத்தின் மேற்புறம் திருப்பும் அலையும், அடிப்புறம் திருப்பும் அலையும் முட்டி மோதி ஒன்றையொன்று அழித்தன. ஒளி 100-க்கு 99 பங்குக்கு மேல் ஊடுருவிச் சென்றது. கண்ணாடி இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை!

இன்னொரு பயனும் கண்டார். அடுக்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் மாறும். படிப்படியாக அடுக்கிய தகடு ஒன்றைச் செய்து, நிறத்தை ஒப்பிட்டே மெல்லிய படலத்தின் கனத்தை அளக்க வழி வகுத்தார். இரண்டாம் உலகப் போரிலே புகைத்திரை ஆராய்ச்சியிலும் பங்கு கொண்டார்.

குறையே இல்லையா? உண்டு. அந்தப் படலம் மென்மையானது, துடைத்தால் போய்விடும். வேறு அறிஞர்கள் கெட்டியான பூச்சுகளைக் கண்டனர். வாணிபத்திலே நிலைத்தவை அவையே. ஆனால் மூலக்கூற்றை வரிசை வரிசையாக அடுக்கலாம் என்ற வழி அழியவில்லை. உணர்கருவிகளுக்கும் மின்னணுவியலுக்கும் அந்தப் படலங்களை ஆய்வாளர்கள் இன்றும் அடுக்குகிறார்கள். லாங்மூர்–பிளாட்ஜெட் படலம் என்றே பெயர்.

1963-ல் ஓய்வு பெற்ற அம்மையார், 1979 அக்டோபர் 12-ல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். ஆசானின் பெயருக்கு அடுத்தே அவர் பெயர் நிற்கிறது. ஆனால் தகட்டை அமிழ்த்தி எடுத்த கை அவருடையது! பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று அன்று கதவைச் சாத்தியிருந்தால், அந்தக் கை எங்கே இருந்திருக்கும்? நம் வீட்டிலே படிக்கத் துடிக்கும் பெண்ணைப் பார்க்கும்போது, தோழர்களே, இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.