நிலைத்து நிற்பது எது?
தேவி அகல்யாபாயின் திருவாழ்வு

தன் பெயர் என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பாதவர் அரியர். சிலர் அந்த நிலைபேற்றை மக்கட்செல்வத்தில் தேடுகின்றனர். சிலர் நாட்டிலும் பொருளிலும் தேடுகின்றனர். பெற்ற செல்வங்கள் அனைத்தையும் காலம் பறித்துக்கொண்ட பின்னும், தம் கடமையில் தளராது நின்றவர் தேவி அகல்யாபாய் ஹோல்கர்.

1725-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்திலுள்ள சௌண்டி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெண்களுக்குக் கல்வி அரிதாயிருந்த அந்நாளிலேயே, ஊர்த்தலைவரான தந்தை மாங்கோஜி ஷிண்டே மகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். மாளவத்தை ஆண்ட மராட்டியத் தளபதி மல்ஹர் ராவ் ஹோல்கர் ஒரு கோயிலில் அச்சிறுமியின் பக்தியைக் கண்டு மகிழ்ந்து, தம் மகன் கண்டேராவுக்கு மணம் முடித்துவைத்தார் என்பர்.

1754-ஆம் ஆண்டு கும்ஹேர் கோட்டை முற்றுகையில் கண்டேராவ் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். உடன்கட்டை ஏறத் துணிந்த 28 வயது மருமகளை மல்ஹர் ராவ் கண்ணீர் மல்க மன்றாடித் தடுத்தார். அரசாங்கக் கணக்கையும் நிர்வாகத்தையும் அவருக்குப் பயிற்றுவித்தார். 1766-இல் மாமனார் மறைந்தார். மறு ஆண்டே ஒரே மகன் மாலேராவும் மறைந்தார். பெண் ஆள்வதா என்று எழுந்த எதிர்ப்பை அஞ்சாது எதிர்கொண்ட அகல்யாபாய், பேஷ்வாவின் இசைவுடன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். படைத்தலைமையைத் துக்கோஜி ராவ் ஹோல்கரிடம் ஒப்படைத்து, நர்மதைக் கரையிலுள்ள மகேஸ்வரத்தைத் தலைநகராக்கிக் கொண்டார். குடிமக்கள் நேரில் வந்து சொன்ன குறைகளைத் தாமே கேட்டு நீதி வழங்கினார். நெசவாளர்களை அங்கே குடியமர்த்தி ஆதரித்தார்.

தமக்கென அமைந்த தனிச்செல்வத்தை அவர் அறத்திற்கே உரியதாக்கினார். 1780-இல் காசி விசுவநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்பினார். கயையிலும் சோமநாதத்திலும் ஆலயத் திருப்பணிகள் செய்தார். இமயம் முதல் இராமேசுவரம் வரை படித்துறைகளும் கிணறுகளும் சத்திரங்களும் அவர் கொடையால் எழுந்தன. இவற்றுள் பெரும்பாலானவை அவருடைய ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவ்விடங்களிலிருந்து அவருக்கு வரியும் வரவில்லை, படையும் வரவில்லை. நாடு சிவபெருமானுடையது, தாம் அவன் பணியாள் என்பதே அவர் கொண்டிருந்த எண்ணம். ஆகவே எல்லைக்கோடு அவர் கையைத் தடுக்கவில்லை.

மகேஸ்வரத்தில் நாள்தோறும் ஆற்றுமண்ணால் ஆயிரக்கணக்கான சிறு லிங்கங்களைச் செய்து பூஜித்து, பூஜை முடிந்ததும் நர்மதையிலேயே கரைத்துவிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். உருவம் கரையும், வழிபாடு தொடரும். இந்தப் பாடத்தைத் தம் வாழ்விலேயே கற்க நேரும் கொடிய நாளும் அவருக்கு வந்தது.

எஞ்சியிருந்த ஒரே மகள் முக்தாபாயின் புதல்வன் இளமையிலேயே இறந்தான். 1791-இல் மருமகனும் இறக்க, முக்தாபாய் உடன்கட்டை ஏற முனைந்தார். முன்பு தம்மை மாமனார் தடுத்ததைப் போலவே, அகல்யாபாய் மகளின் காலில் விழாத குறையாக மன்றாடினார். பயனில்லை. தீயின் அருகே நின்று துடித்த அந்தத் தாய், மூன்று நாட்கள் உணவின்றி, பேச்சின்றிக் கிடந்தார் என்று வரலாறு கூறுகிறது. தம் வழியில் சந்ததி என்று சொல்ல எவரும் இல்லை. யாருக்காக இனி வாழ்வது என்று அவர் சோர்ந்திருந்தால் உலகம் குறை கூறியிராது. ஆயினும் அவர் எழுந்தார். மகளுக்கு நினைவுமண்டபம் அமைத்தார். மீண்டும் குடிமக்களின் குறைகேட்க அமர்ந்தார். 1795-இல் இறைவனடி சேரும்வரை அப்பணி நிற்கவில்லை.

ஹோல்கர் படைவலிமை 1817-ஆம் ஆண்டுப் போரில் முறிந்தது. அவர்களது அரசும் 1948-இல் மறைந்தது. ஆனால் காசியில் அவர் எழுப்பிய ஆலயத்தில் இன்றும் விளக்கு எரிகிறது. மகேஸ்வரத்தில் தறியின் ஓசை இன்றும் கேட்கிறது. கல்லும் ஒருநாள் தேயும். அதை அவரும் அறிவார். பலனையும் பெயரையும் இறைவனிடம் விட்டுவிட்டுச் செய்த பணியே பிறர் வாழ்வில் கலந்து, கைமாறிக் கைமாறித் தொடர்கிறது.

பெரிய ஆலயங்களை எழுப்பும் வாய்ப்பு நம் அனைவருக்கும் கிட்டாது. ஆனால் துயரம் தாக்கிய மறுநாளும் நம்மை நம்பி வந்தவரின் குறையைக் கேட்கும் மனம் நமக்கு வாய்க்கலாம். அத்தகைய மனத்தை அருளுமாறு இறைவனை வேண்டுவோம்.