ரிச்சர்டு ஆலன்: வெளியேறியோர் கொடுத்த விலை

அடிமையாகப் பிறந்து, ஒரு திருச்சபையின் முதற் பேராயராக உயர்ந்த பெருமகனார் ரிச்சர்டு ஆலன். அமெரிக்காவில் 1760ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பிறந்த இவர், சிறு பருவத்திலேயே குடும்பத்தோடு டெலாவேர் நாட்டுப்புறப் பண்ணையார் ஒருவருக்கு விற்கப்பட்டார். பின்னர் தாயும் உடன்பிறந்தார் சிலரும் வேறிடத்துக்கு விற்கப்பட்டனர். இளமையில் மெதடிஸ்து சபையைச் சேர்ந்த ஆலன், விறகு வெட்டியும், செங்கல் சூளையில் உழைத்தும், உப்பு வண்டி ஓட்டியும் பொருளீட்டித் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினார்.

1786இல் பிலடெல்பியா நகரின் தூய ஜார்ஜ் ஆலயத்தில் விடியற்காலை வழிபாட்டில் போதித்து வந்தார். கறுப்பின மக்கள் பெருகவே, வெள்ளையர் அவர்களைச் சுவரோரம் ஒதுக்கினர். பின்னர் மேல்மாடத்துக்கு ஏவினர். ஒருநாள், முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்சைப் பிடித்திழுத்து எழுப்பினர். வேண்டுதல் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருங்கே வெளியேறினர். இது 1787இல் நடந்ததென்பது மரபு. 1792 என்பார் ஆய்வாளர் சிலர்.

வெளியேறியதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அவ்வாலயத்தைச் செப்பனிட அவர்கள் தந்த பணமும் உழைப்பும் அங்கேயே நின்றுவிட்டன. அடுத்துத் தோழரும் பிரிந்தனர். பெரும்பாலோர் ஜோன்சுடன் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தனர். ஆலனோ மெதடிஸ்து நெறியை விடாது, பழைய கொல்லன் பட்டறையொன்றைத் தம் நிலத்துக்கு இழுத்து வந்து, 1794இல் பெத்தேல் ஆலயமாக்கினார்.

ஆயினும் கொடிய இழப்பு காகிதத்தில் ஒளிந்திருந்தது. 1796இல் வெள்ளை மூப்பர் வரைந்த சாசனத்தை நம்பிச் சபையார் ஏற்றனர். ஆண்டுகள் சில கழித்தே, தங்கள் சொத்து மெதடிஸ்து தலைமையின் ஆளுகையில் இருப்பதை உணர்ந்தனர். 1807இல் அதனைத் திருத்திக்கொண்டனர். உடனே வெள்ளைப் போதகர் வந்து போதிக்க ஆண்டுக்கு 600 டாலர் கேட்கப்பட்டது. 200க்கு மேல் தரச் சபையார் இசையவில்லை. பூசல் முற்றி, 1815இல் ஆலயம் ஏலத்துக்கு வந்தது. ஆலன் 10,125 டாலர் கொடுத்து மீட்டார். தம் கையால் எழுப்பிய ஆலயத்தைத் தாமே விலைக்கு வாங்க நேர்ந்த கொடுமையை என்னென்பது!

1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் உரிமையை நிலைநாட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் பல ஊர்ச் சபைகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்து எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவி, ஆலனைப் பேராயராக்கின. 1831 மார்ச் 26இல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! மானமிழந்த இடத்தைவிட்டு எழுந்து நடக்க ஒரு நொடிப்பொழுது போதும். தமக்கெனக் கட்டியதைத் தமதாக்கிக்கொள்ள அவர்களுக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின. துணிவு கதவைத் திறந்தது; சாசனத்தின் வரிகளைப் படித்தறிந்த அறிவே அவ்வீட்டைக் காத்தது. நாம் கல்வியை நாடுவதும் அதற்காகவே.