கண் திறந்த இன்ஜினீயர்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் கதைகளை என்னைவிட நன்றாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதனால், என் மனதில் சில வருடங்களாகக் குடியிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஜான் மியூர். அமெரிக்கக் காடுகளைக் காத்த பெரியவர் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் அவர் முதலில் நம்ம கட்சி, மெஷின் கட்சி!

1838 ஏப்ரல் 21-ல் ஸ்காட்லாந்தின் டன்பார் என்ற கடலோர ஊரில் பிறந்தார். 1849-ல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குக் குடியேறியது. அப்பா மிகவும் கண்டிப்பானவர். பைபிளின் பெரும்பகுதியைப் பையன் மனப்பாடம் செய்தது பக்தியால் மட்டுமல்ல, அடிக்குப் பயந்தும்தான். பாறையில் கிணறு வெட்ட, சின்னப் பையனை உளியோடு உள்ளே இறக்கினார்கள். சுமார் 80 அடி ஆழத்தில் விஷக்காற்று தாக்கி மயங்கிய பிள்ளையை மேலே தூக்கிக் காப்பாற்றினார்கள். உடம்பு தேறியதும் மறுபடியும் இறக்கினார்கள். கிணறு 90 அடியில் முடிந்தது.

பகலெல்லாம் பண்ணை வேலை. அதனால் நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, நிலவறையில் மரத்தாலேயே கடிகாரங்கள் செய்தார். நேரம் வந்ததும் தூங்குகிறவனைச் சாய்த்து எழுப்பிவிடும் கட்டில் ஒன்றும் செய்தார். (நம்ம ஹாஸ்டலுக்கு ரொம்பத் தேவையாக இருந்திருக்கும்!) 1860-ல் மேடிசன் நகரக் கண்காட்சியில் இவற்றைப் பார்த்து ஊரே அசந்துபோனது. 1861-ல் அங்கேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே நடந்த ஒரு சின்ன விஷயத்தை மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். கிரிஸ்வால்ட் என்ற சக மாணவர், வளாகத்திலிருந்த மரமொன்றின் பூவைப் பறித்துக் காட்டி, இவ்வளவு பெரிய மரமும் பட்டாணிக் கொடியும் ஒரே குடும்பம் என்று விளக்கினார். மியூருக்கு அது பெரிய திறப்பு. தாவரவியல் பைத்தியம் அன்று பிடித்தது. வாத்தியார் நடத்திய பாடமல்ல, நண்பன் மரத்தடியில் சொன்ன பாடம்! பட்டம் வாங்காமலே 1863-ல் வெளியேறினார்.

பிறகு இண்டியானாபோலிஸில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை. மெஷின்களை மேம்படுத்தினார். எங்கே எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கணக்கெடுத்துப் படம் போட்டுக் கொடுத்தார். முதலாளிகளுக்கு அவரை மிகவும் பிடித்துப் போனது. அப்படியே போயிருந்தால் பெரிய தொழிலதிபராகியிருப்பார்.

1867 மார்ச் மாதம். ஓடி ஓடித் தளர்ந்த பெல்ட்டை இறுக்குவதற்காக, அரத்தின் கூர்முனையால் அதன் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அரம் நழுவி வலது கண்ணில் குத்தியது. கண்ணிலிருந்து நீர் வடிந்தது, பார்வை போனது. சில மணி நேரத்தில் இடது கண்ணும் இருண்டது. வயது இன்னும் 29 ஆகவில்லை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடந்தார். மெஷின் போயிற்றே என்று அவர் அழவில்லை. இனி பூக்களைப் பார்க்கவே முடியாதே என்றுதான் கலங்கினார். தனக்கு எது முக்கியம் என்பது அந்த இருட்டில்தான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நல்ல வேளையாகப் பார்வை திரும்பியது. அந்தச் செப்டம்பரில் கெண்டக்கியிலிருந்து புளோரிடாக் கடற்கரை வரை ஏறக்குறைய 1,000 மைல் நடந்தார். அங்கே மலேரியா படுக்கையில் தள்ளியது. தேறி, 1868-ல் கலிபோர்னியா வந்து, யோசமிட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தார். ஆடு மேய்க்கும் கூட்டத்தோடு மலையேறினார். மரம் அறுக்கும் ஆலையைக் கட்டி ஓட்டினார். ஆனால் காற்றில் விழுந்த மரங்களை மட்டுமே அறுத்தார். பூமி உள்வாங்கியதால் அந்தப் பள்ளத்தாக்கு உண்டானது என்று மாநிலத்தின் தலைமைப் புவியியலாளர் விட்னி சொல்லிக்கொண்டிருக்க, பனியாறுகள் செதுக்கியது என்று பாறைக் கீறல்களைப் பார்த்துச் சொன்னார் இந்தப் பட்டமில்லாத ஆள். பனியாற்றின் பங்கை அவர் கொஞ்சம் அதிகமாகவே மதிப்பிட்டார் என்றாலும், உண்மைக்கு அருகில் இருந்தவர் அவர்தான்.

அடித்துப் புகட்டப்பட்ட வேதத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அதே கடவுளை மலையிலும் அருவியிலும், பயமில்லாமல், அன்பாகக் கண்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

1880-ல் லூயியை மணந்தார். மாமனாரின் பழத்தோட்டத்தை ஏற்று நடத்தினார். நல்ல வருமானம், இரண்டு பெண் குழந்தைகள். ஆனால் மலைப்பக்கம் போவது குறைந்தது. உடம்பு மெலிந்தது, இருமல், சோர்வு. இந்த இடத்தைப் படிக்கும்போது நம்ம பேட்ச் நண்பர்கள் சிலர் ஞாபகம் வருகிறது. கார், ஃப்ளாட் எல்லாம் இருக்கும். கூடவே பிரஷர் மாத்திரையும் இருக்கும். 1888-ல் ரெய்னியர் மலைக்குச் சென்ற கணவருக்கு லூயி ஒரு கடிதம் எழுதினார். உங்கள் உடல்நலத்தையும் எழுத்தையும் பலி கேட்கும் தோட்டம் நமக்கு வேண்டாம் என்பதே அதன் சாரம். ஐம்பது வயதில் அந்த மலையின் உச்சியைத் தொட்டார் மியூர். நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள், ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார்கள். சம்சாரம் அமைவதெல்லாம் கொடுப்பினை!

அதன் பிறகு நடந்தவைதான் சரித்திரம். 1890-ல் யோசமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-ல் சியரா கிளப் தொடங்கி, கடைசி வரை அவரே தலைவர். 1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைக் காட்டுக்குள் அழைத்துப்போய், மூன்று இரவுகள் திறந்த வெளியில் தங்கவைத்தார். ஓர் இரவு பனி கொட்டியது. ஜனாதிபதிக்கோ ஏக சந்தோஷம்!

கடைசிப் போராட்டத்தில் தோற்றார். 1906 பூகம்பத்திலும் தீயிலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோவின் தண்ணீருக்காக, பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913-ல் சட்டம் வந்தது. மறுவருடம் டிசம்பர் 24-ல் அவர் காலமானார். 1923-ல் முடிந்த அந்த அணையின் தண்ணீரைத்தான் நகரம் இன்றும் குடிக்கிறது. அந்த டிராயிங் போர்டில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மக்களுக்குத் தண்ணீர் வேண்டும்தானே! ஆனால், வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம் யாருக்கோ உயிர் கொடுத்த இடம் என்பதை இப்போது மறக்க முடிவதில்லை.

அவர் குறையில்லாதவர் அல்ல. செவ்விந்தியர்களைப் பற்றியும் கறுப்பர்களைப் பற்றியும் இளமையில் இழிவாக எழுதியிருக்கிறார். 2020-ல் சியரா கிளப்பே அதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. 1851-ல் யோசமிட்டியின் பூர்வகுடிகளைப் படை கொண்டு விரட்டினார்கள் என்பதும் அந்த அழகான இடத்தின் கதையில் உண்டு.

நண்பர்களே, மெஷினுக்கு மெயின்டனன்ஸ் ஷெட்யூல் போடும் நாம் நமக்கென்று ஒன்று போடுவதில்லை. வேலையை விட்டு மலைக்கு ஓடச் சொல்லவில்லை; மியூரும் குடும்பத்தை விட்டு ஓடவில்லை. வாரத்தில் ஒரு காலை, போன் இல்லாமல், ஒரு மரத்தடியில் நடந்து பாருங்கள். மாணவர்களே, உங்கள் லேப் வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியுமா? தெரிந்த நண்பனைக் கேளுங்கள். கண் திறக்க அரம் குத்த வேண்டியதில்லை.