சேணமில்லாக் குதிரையில் ஒரு கவர்னர்

சென்ட்ரலிலிருந்து அண்ணா சாலைக்கு வரும் வழியில், தீவுத்திடலை ஒட்டி உயரமான பீடத்தில் நிற்கும் குதிரைச் சிலையை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். சிக்னலில் நிற்கும்போது குழந்தைகள் கேட்டால், வெள்ளைக்காரத் துரை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர்.

1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். தந்தையின் புகையிலை வியாபாரம் அமெரிக்கச் சுதந்திரப் போரில் நொடித்துப் போக, 1780-இல் கம்பெனிப் படையில் சாதாரண கேடட்டாகச் சென்னைக்கு வந்து இறங்கினார். 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்த பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில், கர்னல் ரீட் என்பவரின் கீழ் வரி வசூல் வேலை. ஏழு வருடம் அங்கே இருந்தார். தருமபுரியில் தாமே போட்ட தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல்தான் 1799-இல் கிளம்பினார்.

வீடு வாங்கும்போது பட்டா இருக்கிறதா என்று நாம் எல்லோரும் கேட்டிருப்போம். பட்டா என்ற சொல் மன்றோவுக்கு முந்தியது. ஆனால் நிலத்தை அளந்து, விவசாயி ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே பதிந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் அரசே வரி வாங்கும் ரயத்துவாரி முறை ரீடும் அவரும் பாராமகாலில் தொடங்கியது. பின்னர் அதை மாகாணம் முழுவதற்கும் கொண்டுவரப் பிடிவாதமாக வாதாடியவர் மன்றோ.

இதனால் அவரை ஏழைப் பங்காளன் என்று எழுதிவிட முடியாது. கம்பெனிக்காக வரி வாங்க வந்தவர்தான். அந்த வரியும் கடுமையானது. கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனவர்கள் உண்டு. அது அவருக்கே தெரிந்திருந்தது. பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பைப் பகுதியில் 1800 முதல் ஏழு வருடம் கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனவர், வரியில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-இல் எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. அவரே கவர்னராகி வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது. பதின்மூன்று வருடம்! விவசாயிக்கு அது எவ்வளவு நீண்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள்.

கவர்னரானபின் 1822-இல் மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். இந்தியர்களை உயர்ந்த பதவிகளில் அமர்த்த வேண்டும் என்றும் எழுதி வைத்தார்.

ஊருக்குத் திரும்ப 1823-லேயே அனுமதி கேட்டிருந்தார். பர்மா போர் வந்தது, தங்கிவிட்டார். 1826-இல் மனைவி ஜேன், உடல்நலமில்லாத கைக்குழந்தையுடன் முன்னே கப்பலேறினார். அடுத்த கவர்னர் வருவதற்குள், பழைய மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று 1827 கோடையில் கிளம்பினார் மன்றோ. வழியில் காலரா. ஜூலை 6 அன்று காலையில் நோய் கண்டது. அன்றிரவே, இன்றைய கர்நூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் இறந்தார். மறுநாள் குத்தியில் அடக்கம் செய்தார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பு வைத்து, கிணறு வெட்டினார்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி தந்தார் என்ற நம்பிக்கையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சிலை மக்கள் தந்த நன்கொடையில் எழுந்தது. லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி செய்தார். 1839-இல் இங்கே நிறுத்தினார்கள். குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மறந்துபோன வெட்கத்தில் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் அவை இல்லை!

1831-இல் மன்றோவின் உடலைக் குத்தியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தில் இருக்கிறது கல்லறை. கோட்டை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும் நாளில் அங்கேயும் எட்டிப் பாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.