பூர்ணையா கற்ற பாடமும் மறந்த பாடமும்

மன உறுதி என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தேர்வில் தவறிய நண்பன் ஒருவன் மூலையில் முடங்கிவிட்டால், இவன் கோழை, இவனுக்கு அந்த உரம் இல்லை என்று எளிதில் கூறிவிடுகிறோம். அது தவறான எண்ணம் என்பதை எனக்கு உணர்த்தியது ஒருவருடைய வரலாறு. அவர் மைசூர் நாட்டின் திவான் பூர்ணையா.

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்து செல்லும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். அங்குச் செல்வோர் அரங்கநாதர் கோயிலையும், திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகையையும் கண்டு திரும்புவர். கருங்கல் தூண்களின் மேல் நிற்கும் பழைய ஆற்றுப் பாலத்தை நின்று நோக்குவோர் சிலரே. 1804-ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்தவர் பூர்ணையா.

அவர் 1746-இல் கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்தவர். விளையாடித் திரிய வேண்டிய சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தில் வறுமை புகுந்தது. மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுத அமர்ந்தார். பின்னர், ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைக்குச் சரக்கு வழங்கிய பெருவணிகர் ஒருவரிடம் பணி கிடைத்தது.

அந்தக் கடைக் கணக்கே அவரைக் காத்தது என்று நான் எண்ணுகிறேன். துயரத்திற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. அதை எண்ணி எண்ணி முடிவு காண முடியாது. கணக்குப் புத்தகமோ அப்படியன்று. மாலையில் கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். அல்லது தவறு எங்கே என்று தெரியும். இன்று ஒரு வேலையைச் செவ்வையாக முடித்தேன் என்ற சிறு நிறைவு, நாளைக்கு எழுந்து நிற்கும் வலிமையைத் தருகிறது. அச்சிறுவனை நம்பிக் கணக்கை ஒப்படைத்த வணிகர்களும் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆறுதல் மொழிகளைவிடப் பெரிய ஆறுதல் அந்த நம்பிக்கை.

அடுத்து நம்பியவர் ஐதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மன்னர், திறமையைக் கண்டுகொள்வதில் தேர்ந்தவர். வணிகரின் கணக்கர் அரசின் கணக்கரானார். கன்னடமும் பாரசீகமும் அவருக்குக் கைவந்தன.

1782 டிசம்பர் 7-இல், போருக்கு நடுவே, சித்தூருக்கு அருகில் இருந்த பாசறையில் ஐதர் இறந்தார். மகன் திப்புவோ தொலைவில் மலையாளக் கரையில் இருந்தார். செய்தி பரவினால் படை கலையும், நாடு சிதறும். பூர்ணையாவும் மற்ற அமைச்சர்களும் ஒன்றுகூடி மறைவை மறைத்தனர். மன்னரின் உடல், கருவூலப் பெட்டி போலப் பாசறையை விட்டு அனுப்பப்பட்டது. திப்பு வந்து சேரும்வரை அலுவல்கள் வழக்கம்போல் நடந்தன. பூர்ணையாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த அமைதி ஒரே நாளில் வந்ததன்று. கடைத் திண்ணையிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்த செல்வம் அது.

1799 மே 4-இல் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். ஆங்கிலேயர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்தினர். அரசருக்கு வயது ஐந்து! பூர்ணையா திவானானார். இதன் பொருட்டு அவரைப் பழிப்போரும் உண்டு, போற்றுவோரும் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. போரால் நைந்த நாட்டில் ஏரிகள் செப்பனிடப்பட்டன, சாலைகள் அமைந்தன, கருவூலம் நிறைந்தது.

ஆனால் இங்கேதான் நான் கவலையோடு நிற்கிறேன். அரசருக்குப் பதினாறு வயது நிரம்பியது. ஆட்சியைத் தாமே நடத்த விரும்பினார். முதிய திவானுக்கு அதிகாரத்தை விட மனம் வரவில்லை. இருவருக்கும் கசப்பு மூண்டது. இறுதியில் பூர்ணையா விலகி, ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே 1812 மார்ச்சில் மறைந்தார். 1831-இல் ஆங்கிலேயர் அரசரிடமிருந்து நிருவாகத்தைப் பறித்துக்கொண்டனர். அதற்குக் காரணங்கள் பல. குடிகளின் கிளர்ச்சியும் கம்பெனியின் ஆசையும் அவற்றுள் அடங்கும். எல்லாவற்றையும் பூர்ணையாவின் தலையில் ஏற்றுவது நீதியாகாது. ஆயினும், பதினொரு ஆண்டுகள் பாதுகாக்கப்பட்ட அந்த இளைஞருக்குச் சிறு பொறுப்புகளைப் படிப்படியாகக் கொடுத்துப் பழக்கியிருக்கலாகாதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சிறுவயதில் பிறர் தம்மை நம்பியதால் உயர்ந்தவர், தம் கையில் வளர்ந்தவரை நம்பத் தயங்கினார்.

நண்பர்களே, துவண்ட தோழனுக்கு அறிவுரை வேண்டியதில்லை. துயரம் மிகுந்தால் அவனுடன் மருத்துவரிடம் செல்வோம்; அதில் இழிவு ஒன்றும் இல்லை. பிறகு, அவனால் தாங்கக்கூடிய ஒரு வேலையை அவனிடம் ஒப்படைப்போம். மன்றத்தின் வரவு செலவோ, விழா மேடையோ, இந்த இதழின் ஒரு பக்கமோ, எதுவானாலும் சரி. மூத்த மாணவர்கள் பொறுப்புகளைக் கடைசி நாள்வரை பிடித்துக்கொண்டிராமல், இளையவர் கையில் இன்றே கொடுக்கட்டும். அவர்கள் முதலில் தவறுவார்கள், தவறட்டும். அருகில் நாம் இருக்கிறோம் அல்லவா?