திருவையாற்றில் ஒரு பெண் எழுப்பிய இசைக்கோயில்

 

இந்த மலரில் பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்களை முதலில் தேடிப் பார்த்திருப்பீர்கள். அது நியாயம்தான். தேடி முடித்த பிறகு ஒரு பத்து நிமிடம் எனக்காக ஒதுக்குங்கள். ஓர் அம்மையாரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் பரிசு கொடுத்ததில்லை. தாமே பணம் போட்டுக் கட்டிய இடத்தில் முன்னால் உட்கார்ந்து பாடக்கூட அவரை விடவில்லை. ஆனால் இன்று ஆயிரக்கணக்கான பேர் அந்த இடத்தில் கூடிப் பாடுகிறார்கள் என்றால், அதற்கு அவர்தான் காரணம். அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

அவர் கதைக்கு முன்னால், அவர் யாருக்காக அந்த இடத்தைக் கட்டினார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூருக்கு வடக்கே, காவிரிக் கரையில் திருவையாறு என்று ஓர் ஊர். அங்கே திருமஞ்சன வீதியில் ஒரு சின்ன வீட்டில் வாழ்ந்தவர் தியாகராஜ சுவாமிகள். 1767-ல் திருவாரூரில் பிறந்தவர். ராமபிரான் மேல் தெலுங்கில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் பாடியவர். அரசவைக்குப் போய்ப் பாடிப் பொன்னும் பொருளும் வாங்க அவருக்கு இஷ்டமில்லை. தெருவில் பாடிக்கொண்டே போவார். கிடைக்கிற அரிசியில்தான் அன்றைய சாப்பாடு. அதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர். 1847 ஜனவரி 6-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில் காலமானார். கடைசி நேரத்தில் சன்னியாசம் வாங்கிக்கொண்டதால், காவிரிக் கரையிலேயே அவருக்குச் சமாதி வைத்தார்கள்.

கடல் கடந்து ஜெர்மனி தேசத்துக்கு வாருங்கள். அங்கே போன் என்ற நகரத்தில், தியாகராஜர் பிறந்து 3 வருடம் கழித்து, 1770-ல் பீத்தோவன் என்ற இசை மேதை பிறந்தார். அவர் பிறந்த வீட்டை இடித்துவிடுவார்களோ என்ற நிலை வந்தது. 1889-ல் அவ்வூர்க்காரர்கள் 12 பேர் சங்கம் ஒன்று அமைத்து, அந்த வீட்டை வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்று அது ஒரு காட்சிசாலை. பக்கத்திலேயே 1989-ல் ஒரு சிறிய இசை அரங்கும் கட்டினார்கள். நாலைந்து பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கிற சேம்பர் மியூசிக் கச்சேரிகள் அங்கே நடக்கின்றன. இசையை உண்டாக்கியவரின் வாசலிலேயே அவர் இசையைக் கேட்பது ஒரு தனிச் சுகம்.

அங்கே ஊரார் 12 பேர் சேர்ந்தார்கள். இங்கே திருவையாற்றில் தனி ஒரு பெண்தான் முன்வந்தார். அதுவும் எப்பேர்ப்பட்ட பெண் என்று கேளுங்கள்.

நாகரத்தினம்மாள் 1878-ல் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். தேவதாசி என்றால் கோயிலுக்கும் அரண்மனைக்கும் பாட்டும் நடனமும் செய்ய ஒப்படைக்கப்பட்ட பெண். அந்தப் பெண்களிடம் இருந்த கலையை ஊரார் ரசித்தார்கள். அவர்களுக்குத் தரவேண்டிய மரியாதையைத் தரவில்லை. புட்டலட்சுமியைக் குழந்தையின் தகப்பனார் கைவிட்டுவிட்டார். தாயும் மகளும் மைசூரில் ஒரு சமஸ்கிருத பண்டிதரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். குழந்தை அவரிடம் பாடம் படித்தது. கொஞ்ச காலத்தில் அந்தப் பண்டிதரும் அவர்களைக் கைவிட்டார்.

வேறு தாயாக இருந்தால் என்ன செய்திருப்பார்? படிப்பும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், வயிற்றைக் கழுவினால் போதும் என்றுதானே நினைத்திருப்பார். புட்டலட்சுமி அப்படி நினைக்கவில்லை. உறவினர் ஆதரவில் மகளைத் தொடர்ந்து படிக்க வைத்தார். கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம், சமஸ்கிருதம் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு வந்தன. தியாகராஜரின் சீடர் வழியில் வந்த முனுசாமப்பாவிடம் சங்கீதம் கற்றார். 15-ஆம் வயதில் பெரியோர் கூடிய சபையில் அரங்கேறினார்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தாய்மாரும் பாட்டிமாரும் விடிவதற்கு முன்னே பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு உழைத்தார்கள். தனக்குக் கிடைக்காத எழுத்து பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் புட்டலட்சுமியின் மனம் நன்றாகவே புரியும்.

பிறகு நாகரத்தினம்மாள் சென்னைக்கு வந்தார். அவர் குரல் கொஞ்சம் கனமானது. ஆண் குரல் போலக் கம்பீரமானது. கச்சேரி, ஹரிகதை, இசைத்தட்டு என்று புகழ் பரவியது. சொந்த வீடும் நகையும் சேர்ந்தன. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் அவர்தான் என்று சொல்வார்கள்.

பாட்டோடு நின்றவரல்ல அவர். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர், தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்றொரு காவியம் எழுதியிருந்தார். அதைச் சரியான வடிவத்தில் 1910-ல் பதிப்பித்து வெளியிட்டார் அம்மையார். பெண் ஒருத்தி சிருங்காரம் எழுதலாமா என்று சில பெரிய மனிதர்கள் கோபித்தார்கள். அதே சிருங்காரத்தை ஆண் புலவர்கள் எழுதியபோது இந்தக் கோபம் எங்கே போயிருந்தது என்பதுதான் அம்மையாரின் கேள்வி. ஆங்கிலேய அரசு அந்த நூலைத் தடை செய்தது. 1947-ல்தான் தடை நீங்கியது. ஒரு பெண்ணின் குரலை அடைக்கப் பார்த்தால் இந்த அம்மையார் சும்மா இருக்க மாட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கப்போவதற்கு இது முன்னோட்டம்.

1921-ஆம் வருடம். அம்மையாருக்கு 43 வயது. அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் திருவையாற்றுக்குப் போயிருந்தார். தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்து எழுதியிருந்தார். வருடத்துக்கு ஒருநாள் பாடகர்கள் வந்து ஆராதனை செய்வார்கள், போய்விடுவார்கள். அதிலும் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டி. மற்ற நாளில் அந்த இடத்தில் விளக்கேற்ற ஆளில்லை.

அம்மையார் புறப்பட்டுப் போனார். பார்த்தார். அவருக்குச் சோறு போட்ட பாட்டு அந்த மகானுடைய பாட்டு. அந்த மகான் உறங்கும் இடம் இப்படியா? தம் நகைகளையும் சொத்தையும் விற்றார். ஊர் ஊராகக் கச்சேரியும் ஹரிகதையும் செய்து பணம் சேர்த்தார். 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டி, 1925 ஜனவரி 7-ஆம் நாள் குடமுழுக்கும் நடத்திவிட்டார். சமாதியைச் சுற்றிக் கோயில் எழுந்தது. தியாகராஜர் சிலை அமர்ந்தது. தினப்படி பூஜைக்கும் வழி செய்தார்.

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தஞ்சைச் சீமையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். இங்கே காட்டை அழித்து, லயத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே மரத்தடியில் ஒரு மாரியம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். கையில் இருப்பதைக் கொடுத்துக் கோயில் கட்டுவது என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

கோயில் கட்டியாகிவிட்டது. ஆராதனை நாள் வந்தது. கட்டிய அம்மையாருக்கு முதல் மரியாதை கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! சமாதிக்கு முன்னால் பெண்கள் பாடக்கூடாது என்பது அங்கே வழக்கமாம். அதிலும் தேவதாசி மரபில் வந்த பெண் பாடவே கூடாதாம். அவர் கொடுத்த பணத்தில் எழுந்த சுவர் வேண்டும்; அவர் குரல் வேண்டாம்.

பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்களா? கோபத்தில் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கிளம்பியிருப்பீர்களா? அம்மையார் இரண்டும் செய்யவில்லை. 1927-ல் பெண் கலைஞர்களைத் திரட்டினார். முன்புறம்தானே கூடாது, பின்புறம் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! சமாதிக்குப் பின்னால் இருந்த இடத்தில் பெண்களை உட்கார வைத்து, தாமே தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். ஊரார் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர் வைத்தார்கள்.

முன்புறம் ஆண்கள் பாட்டு. பின்புறம் பெண்கள் பாட்டு. இரண்டும் ஒரே மகானுக்கு. இப்படி ஒரு வருடமா, இரண்டு வருடமா? 13 வருடம் நடந்தது. ஒவ்வொரு வருடமும் அதே பின்புறம், அதே பாட்டு. பாடுவது நின்றுபோனால் வழக்கம் ஜெயித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் ஊரில் நல்ல மனம் படைத்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர், முசிறி சுப்பிரமணிய ஐயர், அரசு அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமி போன்றவர்கள் முயற்சியால் 1940-ல் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. தியாகபிரம்ம மகோற்சவ சபை பிறந்தது. பெண்களும் சமாதிக்கு முன்னால் பாடலாம் என்று வழி திறந்தது. எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் ஐந்து பாட்டு. கூடிப் பாடும்போது யார் பெரிய கட்சி, யார் சின்னக் கட்சி என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அம்மையார் தம் கடைசி வருடங்களைத் திருவையாற்றிலேயே கழித்தார். கட்டியதையும் மிச்சமிருந்ததையும் தியாகராஜர் சந்நிதிக்கே எழுதி வைத்தார். அந்த உயிலில் ஒரு நிபந்தனையும் போட்டார். பெண்கள், தம் மரபில் வந்த பெண்கள் உட்பட, அங்கே பாடவும் வழிபடவும் தடை இருக்கக்கூடாது என்பதே அது. தமக்குத் திறந்த கதவு தமக்குப் பின்னால் மூடிக்கொள்ளக்கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்! 1952 மே 19-ஆம் நாள் அவர் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் இடம் கிடைத்தது. கைகூப்பி அந்த மகானைப் பார்த்தபடி அவருடைய சிலை இன்றும் அங்கே அமர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் தை மாதத்தை ஒட்டி அங்கே ஆராதனை நடக்கிறது. பெரிய வித்துவானும் நேற்றுப் பாட்டுப் படித்த பிள்ளையும் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். யாருக்கும் சன்மானம் கிடையாது. நம் நாட்டிலும் சங்கீதம் பயிலுகிறவர்கள் கூடித் தியாகராஜ ஆராதனை நடத்துகிறார்கள். கைத்தொலைபேசியிலேயே திருவையாற்றுக் காட்சியை நீங்கள் பார்க்கலாம். பார்க்கும்போது, அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் இருக்கும் பெண்களைக் கவனியுங்கள். 1927-ல் பின்புறத்தில் உட்கார்ந்தவர்கள் தேடிக் கொடுத்த இடம் அது.

இதை நான் ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பாடுகிற பெண்பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டால், பொம்பளப் பிள்ளைக்கு மேடை எதுக்கு, படிச்சு ஒரு வேலைக்குப் போனா போதும் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். பயத்தில் சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு பேருடைய பெயர்களைத் திருவையாறு இன்று நினைத்துப் பார்ப்பதில்லை. நாகரத்தினம்மாள் பெயரை நினைக்கிறது.

மாணவிகளே, வகுப்பில் பின்பெஞ்சில் இடம் கிடைத்தால் பின்பெஞ்சிலிருந்தே பாடுங்கள், பாட்டை நிறுத்தாதீர்கள். மாணவர்களே, முன்னால் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, அடுத்த வருடப் பரிசளிப்பு விழாவில் உங்கள் மகள் மேடை ஏறும்போது, நீங்கள் பின்னால் நிற்க வேண்டாம். முன் வரிசையில் வந்து உட்காருங்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!