சொல் காத்த சர்தார்

ஒரு நாடு அடிமைத்தளை நீங்கும் நாளில் கொடி மாறுகிறது, ஆள்வோர் மாறுகின்றனர். ஆனால், பழைய ஆட்சியின் கீழ் உழைத்து ஓய்ந்த உத்தியோகத்தருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் கொடுப்பது யார் கடமை? 1947-இல் பாரத நாட்டின் முன் இக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை கண்டோருள் தலையாயவர் சர்தார் வல்லபாய் படேல் ஆவார்.

கூர்ச்சர நாட்டு நடியாத்தில் 1875 ஒக்டோபர் 31-இல் பிறந்த படேல், உழவர் குடியில் வளர்ந்து, லண்டனிற் பயின்று, 1913-இல் பாரிஸ்டராகத் திரும்பினார். அகமதாபாத்தில் வழக்கறிஞர் தொழில் பெரும் பொருளீட்டித் தந்தது. காந்தியடிகளின் அழைப்புக்காக அதனைத் துறந்தார். 1918-இல் கேடாவிலும் 1928-இல் பர்தோலியிலும் வரிகொடா இயக்கம் நடத்தினார். பர்தோலி வெற்றியே அவருக்குச் சர்தார் என்னும் பெயரை நிலைநாட்டியது. பன்முறை சிறை சென்றார். 1942 முதல் 1945 வரை மீண்டும் சிறையிலிருந்தார். அவரைப் போன்றோரைச் சிறைக்கனுப்பிய ஆட்சியை நடத்தியவர்கள் இந்தியச் சிவில் சேவையினரே என்பதை நாம் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1946 செப்டெம்பரில் இடைக்கால அரசாங்கத்தின் உள்நாட்டுப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆங்கில உத்தியோகத்தர் தாய்நாடு திரும்ப ஆயத்தமாயினர். இழந்த பதவிக்கு நட்டஈடு கொடுப்பது இந்தியாவின் கடனன்று என்பதில் படேல் உறுதியாய் நின்றார். அச்சுமையைப் பிரித்தானிய அரசாங்கமே ஏற்றது. இளைப்பாற்றுச் சம்பளமோ வேறு. அது செய்த வேலைக்குரிய கூலி. ஆதலின் இந்தியா அதனை ஏற்றது. தொடர்ந்து சேவை செய்வோரின் சம்பளம், விடுமுறை, இளைப்பாற்றுச் சம்பளம் ஆகியவற்றுக்கு 1947-ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு உறுதியளித்தது. கோயம்புத்தூர் தந்த சண்முகம் செட்டியார் நிதியமைச்சராயிருந்தபோது, 1948 ஜூலையில் பிரித்தானியாவுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. யுத்தக் காலத்தில் பிரித்தானியா இந்தியாவுக்குப் பட்ட கடனிலிருந்து 16 கோடி 80 லட்சம் பவுண் இளைப்பாற்றுச் சம்பளங்களுக்கென ஒதுக்கப்பட்டது.

1949 ஒக்டோபர் 10-இல், இவ்வுறுதியை அரசியலமைப்பிலே பொறிப்பது பற்றி அரசியல் நிர்ணய சபையில் வாதம் மூண்டது. அந்நியருக்கு ஊழியஞ் செய்தோருக்கு ஏழை நாடு இத்தனை சலுகை தருவதா என்று உறுப்பினர் சிலர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயமில்லையென நாம் கூறோம். இதய நோயால் தளர்ந்திருந்த சர்தார் விடையிறுத்தார். நாட்டின் தலைவர்கள் அறிந்தே கொடுத்த வாக்கைப் பின்னர் மீறலாகாது என்றும், பிரிவினையின் கொந்தளிப்பிலே ஆட்சி குலையாது காத்தவர்கள் இவ்வுத்தியோகத்தரே என்றும் எடுத்துரைத்தார். உறுதி 314-ஆம் உறுப்புரையாயிற்று.

1950 டிசெம்பர் 15-இல் பம்பாயில் அவர் மறைந்தார். 1972-இல் 28-ஆவது திருத்தம் அவ்வுறுப்புரையை நீக்கி, அந்நிபந்தனைகளை மாற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு அளித்தது. முன்னோர் காத்த சொல், பின்னோரும் காத்தாலன்றி நிலைப்பதில்லை.

நண்பருக்கு வாக்குத் தவறாமை எவர்க்கும் இயலும். தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் ஊழியர்க்கும் வாக்குத் தவறாமை பெரியோர்க்கே இயலும். நாளை அரசாங்க உத்தியோகமும் பொதுப்பணியும் ஏற்கவிருக்கும் இளைஞராகிய நாம், சர்தாரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.